ஐம்பதின் ஊஞ்சல்

மின்பொறியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவர்கள் முதல் வாரம் கற்றுக்கொள்வது சமன்பாடு எதையும் அல்ல, ஐம்பதைத் தூக்கிப் போடுவதைத்தான். நாட்டில் ஓடும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டம் சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் மின்விசிறியிலிருந்தும் கசிந்து, எந்தக் கருவியை எதில் மாட்டினாலும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதயத் துடிப்பை அளந்தாலும் ஐம்பது வரும், மண்ணின் ஈரத்தை அளந்தாலும் ஐம்பது வரும். ஆகவே எந்த ஆய்வகத்திலும் முதல் வேலை, ஒரு வடிகட்டியைப் போட்டு அந்த ஐம்பதை அகற்றுவது. கோயிலுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

மௌனிகாவும் கேட்டதில்லை. அவள் கோயம்புத்தூரில் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. அதற்குரிய சகல லட்சணங்களும் அவளிடம் இருந்தன. கல்யாணம் எப்போது என்று கேட்கிற உறவினர்களிடம் தீசிஸ் முடியட்டும் என்பாள்; தீசிஸ் எப்போது முடியும் என்று கேட்கிற கைடிடம் டேட்டா வரட்டும் என்பாள்; டேட்டா ஏன் வரவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டு கேன்டீனில் டீ குடிப்பாள்.

மற்றவர்கள் தூக்கிப் போடுகிற ஐம்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஐம்பது என்று சொல்கிறோமே தவிர, அது ஒருநாளும் சரியாக ஐம்பதாக இருந்ததில்லை. திண்டுக்கல்லில் ஒருவர் தோட்டத்து மோட்டாரைப் போட்டால் மயிரிழை இறங்கும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் காற்று எழும்பினால் மயிரிழை ஏறும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை ஒரே கம்பித் தொடர் என்பதால் ஓரிடத்தில் இறங்கினால் எல்லா இடத்திலும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் அவள் திரையில் ஒரு பச்சைக் கோடாக நாள் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். இட்லிக்கு மாவாட்டுகிற நேரம், பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் முடிந்து எல்லோரும் எழுந்து விளக்கைப் போடுகிற நேரம் எல்லாம் அந்தக் கோட்டில் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் செருகும், நாடே பாயில் படுத்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மௌனிகாவுக்கு அந்தக் கோட்டின்மேல் ஆசை என்றே சொல்லலாம்.

அந்த ஆசைக் கோட்டை அசையாமல் நிறுத்துவதுதான் அவள் பட்டத்துக்கு வழி. அவள் வடிவமைத்த கட்டுப்பாட்டுக் கருவி, ஒரு கொட்டகை நிறைய பேட்டரிகளைப் பிடித்துக்கொண்டு, கோடு இறங்க நினைக்குமுன் தூக்கிவிடும், ஏற நினைக்குமுன் அழுத்திவிடும். ஐம்பது என்றால் ஐம்பது. நாலு கோடைக்கு முன்னால் இந்தக் கோடு தறிகெட்டு ஆடித்தான் தென்னாடு முழுவதும் இரண்டு நாள் இருண்டு கிடந்தது. அந்தப் பெரிய இருட்டில் செத்தவர்களின் எண்ணிக்கையை இன்னமும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்.

"நேர்கோடு வேணும் மௌனி. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி" என்று அவளுடைய கைடு டாக்டர் நூர்ஜஹான் சொல்வார். நாற்பத்தைந்து வயது. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், தேங்காய் பன்னை இரண்டே கடியில் முடிப்பார். கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். ஆய்வகத்தில் யாராவது கொட்டாவி விட்டால், "எனக்கில்லாத தூக்கம் உனக்கெதுக்கு?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் அவர் கையில் பன்னும் முகத்தில் வெற்றியுமாக வந்தார். மின்நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஏதாவது ஒரு சின்ன ஊருக்குள் மின்சாரம் நுழைகிற இடத்தில் மட்டும் கருவியைப் பொருத்திப் பார்க்கலாம். மூன்று மாதம் கோடு நேராக நின்றால் அறிக்கை, அறிக்கை போனால் தென்னாடு முழுவதும் அதே கருவி, மௌனிகாவுக்குப் பட்டம்.

"எந்த ஊர் மேம்?"

"ஒரே லைன்ல கரண்ட் போற ஊரா இருக்கணும். தறி, மோட்டார்னு லோடு இருக்கணும். சப்-ஸ்டேஷன்ல பேசிப் பழகினவங்க இருந்தா நல்லது."

"எங்க ஊர் இருக்கு மேம்" என்றாள் மௌனிகா. பெருமையோடுதான் சொன்னாள்.

அவள் ஊர் கருமாபாளையம். விசைத்தறிகள் சளசளக்கிற ஊர். அங்கே ஓர் ஓட்டு வீட்டில் அவள் அம்மா சுகந்தியும் அப்பா மயில்சாமியும் இருந்தார்கள். மயில்சாமி இருபது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் வாய்க்கு அந்த ரூட்டே அடங்கும் என்பார்கள். பெரிய இருட்டுக்கு அடுத்த வருஷம் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் ஒரே நாளில் கொண்டுபோனது. அதற்குப்பின் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. இடது கையால் தண்ணீர்ச் செம்பைக் காட்டுவார். கோபம் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

ஆனால் மதியம் தூங்கும்போது பேசுவார்.

டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், விழித்திருக்கையில் அடைந்துபோன வழிக்கு தூக்கத்தில் மூளை வேறு சந்து கண்டுபிடிப்பதாக விளக்கமும் சொன்னார்கள். சுகந்திக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து, மூடிய இமைக்குள் விழி உருளத் தொடங்கியதும், அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மடியில் அவரைக்காய் முறத்தோடு உட்கார்ந்துகொள்வாள்.

"ரைட்... ரைட்... படியில நிக்காத கண்ணு, உள்ள போ" என்று ஆரம்பிப்பார்.

"ஏனுங்க, இன்னைக்குக் கூட்டமா?"

"மூர்த்த நாளாச்சே. நிக்க எடமில்ல."

"கொழம்பு எப்பிடிங்க இருந்துச்சு?"

"அது கெடக்குது. நீ எதுக்கு இப்பிடி எளச்சுப் போயிட்டே? நேரத்துக்குச் சாப்புடறயா இல்லியா?"

சுகந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எழுந்ததும் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அவளும் சொல்ல மாட்டாள், சொன்னால் வெட்கப்படுவார் என்று. அந்த ஊரில் எத்தனையோ தம்பதிகள் நாள் முழுக்க விழித்துக்கொண்டு பேசுவதைவிட இவர்கள் இருவரும் அந்த மதியங்களில் அதிகம் பேசினார்கள்.

கருவி வந்த அன்று சப்-ஸ்டேஷன் வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மௌனிகா லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினாள். ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு இரண்டு முறை துடித்துவிட்டு நேராக நின்றது. மின்நிறுவனத்து ஆட்கள் கைதட்டினார்கள். நூர்ஜஹான் அவளைக் கட்டிப்பிடித்தார். மௌனிகாவுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்க்க என்னவோ பிடிக்கவில்லை, லேப்டாப்பை மூடிவிட்டாள்.

ஊருக்கோ கொண்டாட்டம். தறி ஒரே வேகத்தில் ஓடியது, நூல் அறுவது நின்றது. "நம்ம கண்டக்டர் புள்ள பண்ணுனதுங்க, மோட்டார் கருகறதே இல்ல, வைண்டிங் கட்டறவனெல்லாம் ஈ ஓட்டறான்" என்று தறிக்காரர்கள் போகிற வருகிறவர்களிடம் சொன்னார்கள். கருவியைக் கவனிக்க வந்த நூர்ஜஹான் ஒரு வாரம் மின்நிறுவன விருந்தினர் விடுதியில் தங்கினார். திரும்பி வந்தபோது அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் வெளுத்திருந்தது. ஊர்க்காற்று மேம் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று ஆய்வகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சுகந்தி போன் செய்தாள்.

"கண்ணு, உங்கப்பா பேசறதில்ல."

"அப்பா எப்பம்மா பேசினாரு?"

"மத்தியானம் பேசறதில்ல. கட்ட மாதிரித் தூங்கறாரு. நானும் கேட்டுக் கேட்டுப் பாக்கறேன், ம்ங்கறதுகூட இல்ல. என்ற மேல எதாச்சும் கோவமோ என்னமோ."

மௌனிகா ஊருக்கு ஓடினாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை மாறவில்லை, ரத்த அழுத்தம் ஏறவில்லை, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார். மயில்சாமி இடது கையால் மகளின் தலையைத் தடவினார். மதியம் தூங்கினார். இமைக்குள் விழி அசையவே இல்லை.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் மலைக்கோயில் பூசாரியைப் பார்த்தாள். கருமாபாளையத்து மலைக்கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாராவது பக்தர் கனவில் ஆண்டவன் வந்து இன்ன பொருளை வை என்று உத்தரவு கொடுத்தால், அதைப் பெட்டியில் வைத்துப் பூசை செய்வார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் பொருள் இருக்கும்.

"பொட்டி மாறி நாளாச்சுங்க அம்மிணி" என்று பூசாரி குறைப்பட்டார். "நெசமா கனாக் கண்டு வர்றவங்க எப்பவாச்சும் ஒருத்தர்தான். ஆனா பொய்க் கனாவோட வாரத்துக்கு நாலு பேரு வருவாங்க, நாந்தான் பூப்போட்டுப் பாத்துத் திருப்பி அனுப்புவேன். இப்பப் பொய் சொல்றதுக்குக்கூட ஒரு ஆளக் காணோம். சனங்களுக்கு என்னாச்சுங்க?"

பஸ் வந்தது. மௌனிகா ஏறி உட்கார்ந்தாள். ஊரில் கடைசியாக யார் அவளிடம் கனவு என்ற சொல்லைச் சொன்னார்கள் என்று யோசித்தாள். அவளுக்கே அந்த ஊரில் படுத்த இரண்டு நாளும் கனவு வந்ததாக நினைவில்லை. வராத கனவை யார் தேடப் போகிறார்கள்?

ஆய்வகத்தில் அவள் தேடியது ஒரு பழைய எடுபிடி வேலையை. பக்கத்து மருத்துவமனை ஒன்றின் தூக்க ஆய்வுப் பிரிவு, தூங்குகிறவர்களின் மூளை அலைப் பதிவுகளை இவர்கள் துறைக்கு அனுப்பிச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ளும். ஆராய்ச்சி மாணவர்கள் முறைவைத்து அதைச் செய்வார்கள். சுத்தம் என்றால் வேறென்ன, ஐம்பதைத் தூக்குவதுதான். ஒருமுறை ஒரு புது மாணவன் வடிகட்டியைச் சரியாக ஐம்பதில், நூலிழை அகலத்தில் வைத்துவிட்டான். அன்று காற்றடித்து மின்சாரம் ஐம்பதைவிட்டு விலகி ஆடியதால் பாதி குப்பை அப்படியே தங்கிப்போனது. அந்தப் பையனை அன்றைக்கு எல்லோரும் கேலி செய்தார்கள். மௌனிகா இப்போது அந்தக் குப்பையைத் திறந்து வைத்துக்கொண்டாள். பிறகு வடிகட்டாத மூலப் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். பக்கத்தில் அந்தந்த நாளின் பச்சைக் கோட்டை வைத்தாள். சாப்பிட மறந்தாள்.

பார்த்ததை எடுத்துக்கொண்டு நூர்ஜஹானிடம் போனாள்.

"மேம், இது வயர்ல இருந்து வர்ற குப்பைன்னா எப்பவும் ஒரே அளவுதானே இருக்கணும்? இவங்க கனவு காணறப்ப மட்டும் ஏன் பெருசாகுது?"

"எலக்ட்ரோடு தளர்ந்திருக்கும்."

"அத்தனை பேருக்குமா? கனவு முடிஞ்சதும் தானா இறுகிக்குமா?"

நூர்ஜஹான் பன்னைக் கீழே வைத்தார்.

"மூளை அதைப் பிடிச்சுக்குது மேம்" என்றாள் மௌனிகா. "ஊஞ்சல்ல உக்காந்த குழந்தையை யாராவது லேசாத் தள்ளிவிடணும்ல? அந்த மாதிரி. ஐம்பது அசையாம நின்னா தள்ளு கிடையாது. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கினாத்தான் தள்ளு. கோடு ஆடுறப்ப கனவு ஓடுது. கோடு நின்னா கனவு நின்னுடுது. எங்க ஊர்ல நின்னுடுச்சு."

"கரண்ட் வர்றதுக்கு முன்னாடி மனுஷன் கனவே காணலையா?"

"கண்டிருப்பாங்க. அம்மியிலயும்தான் அரைச்சாங்க. இப்ப நம்ம கைக்கு அது வருமா? பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இந்தத் தள்ளுல பழகிட்டோம். நாலஞ்சு தலைமுறை போனா மூளை மறுபடி கத்துக்கும். தூக்கத்துல மட்டும் பேசற எங்கப்பாவுக்கு அவ்வளவு நாள் இல்ல மேம்."

"இதைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?"

"எப்படி எழுதியிருப்பாங்க? உலகம் முழுக்க எல்லாரும் அளந்த உடனே முதல் வேலையா அதைத்தானே தூக்கிப் போட்டாங்க."

நூர்ஜஹான் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே மாணவர்கள் பைக்கை உருட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பேசியபோது அது ஆய்வகக் குரலாக இல்லை.

"கருமாபாளையத்துல நான் தூங்கினேன் மௌனி. நாலு வருஷத்துக்கு அப்புறம்."

மௌனிகா லேப்டாப்பை மூடினாள்.

"என் அண்ணன் ஜபருல்லாவைப் பத்தி உனக்குச் சொன்னதில்ல. வீட்ல மூச்சு மெஷின்ல இருந்தார். பெரிய இருட்டு வந்தப்ப பேட்டரி தீர்ந்துபோச்சு. கையால அமுக்கற பை ஒண்ணு இருக்கும்ல, அதை வெச்சு நான் அமுக்கிட்டே இருந்தேன். மாத்திவிட ஆளில்ல. ரோட்ல வண்டி ஓடல. ரெண்டாம் நாள் உக்காந்தபடியே கண்ணசந்துட்டேன்." அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். "அவர் என்னை எழுப்பல. எழுப்ப அவரால முடியாது. அதுல இருந்து கண்ணை மூடினா அந்தப் பை கையில இருக்கு. தினமும் அது கையைவிட்டு நழுவுது. உங்க ஊர்ல நழுவல. அங்க ஒண்ணுமே வரல. ஒண்ணுமே வராம இருக்கறது எவ்வளவு நல்லா இருக்குன்னு உனக்குத் தெரியாது."

மௌனிகாவுக்கு அழுகை வந்தது. எதிரே நிற்பவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

"ஒரு நூல் அளவு ஆட விடலாம் மேம்" என்றாள். "முழுசா நிறுத்த வேண்டாம். அந்த நூலுக்குள்ள கருவி கை வைக்காது. அதைத் தாண்டினா பிடிச்சுக்கும்."

"ஆபத்து கூடுமா, கூடாதா?"

"கூடும். கொஞ்சம். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அந்தக் கொஞ்சத்துக்குள்ள யாரோ ஒருத்தரோட அண்ணன் இருப்பார்" என்றார் நூர்ஜஹான். "ஒப்பந்தத்துல நேர்கோடுன்னு இருக்கு. ஆடற கோட்டைக் கொடுத்தா மின்நிறுவனம் எடுக்காது, உன் தீசிஸும் நிக்காது. மூணு வருஷம். நல்லா யோசி."

மௌனிகா யோசித்தாள். யோசித்து, மின்பொறியாளர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவற்றைச் செய்தாள். ஊர் மின்சாரம் நேராகவே இருக்கட்டும், அப்பாவின் அறைக்கு மட்டும் பழைய ஆட்டத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? தீசிஸும் பிழைக்கும், மேமும் தூங்குவார், அப்பாவும் பேசுவார். ஓர் இன்வெர்ட்டரைப் பிரித்து மாற்றிக் கட்டினாள். அதில் சேமித்து வைத்த பச்சைக் கோட்டை ஏற்றினாள். நல்ல நாளாகப் பார்த்துப் போன ஆடிப் பதினெட்டைத் தேர்ந்தெடுத்தாள். அன்று நாடு முழுவதும் ஒரே களேபரம், கோடு துள்ளியிருந்தது. ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவின் கட்டிலடியில் வைத்து அறை விளக்கையும் விசிறியையும் அதில் இணைத்தாள்.

மதியம் மயில்சாமியின் இமைக்குள் விழி உருண்டது. சுகந்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரைட்... போலாம் ரைட்..."

"ஏனுங்க!" சுகந்தி கட்டில்மேல் குனிந்தாள். "எங்கீங்க போயிட்டீங்க இத்தன நாளா?"

"எலுமிச்சஞ் சோத்துல கல்லு கெடக்குது பாரு."

"இன்னைக்குக் களிதானுங்க கிண்டுனேன்."

"தேங்கா சோறு பரவால்ல. அந்த வடைய எடு."

சுகந்தி மகளைப் பார்த்தாள். மறுநாளும் எலுமிச்சஞ் சோற்றில் கல் கிடந்தது. மறுநாளும் வடையை எடுக்கச் சொன்னார். அவள் காய்ச்சலென்று சொன்னாலும், கூரை ஒழுகுகிறது என்று சொன்னாலும், தேங்காய்ச் சோறு பரவாயில்லை என்றார். மூன்றாம் நாள் சுகந்தி குனிந்து, தானே பிளக்கைப் பிடுங்கினாள்.

"இது ஆடி நோம்பிக்கு அவரு பேசுனது கண்ணு. எனக்கு நாபகமிருக்குது. நீ அவரு பேச்சக் கொண்டாந்திருக்கற. அவரக் கொண்டாரல."

"அம்மா, நான் அந்த நாளோட அலையை அப்படியே..."

"செரி சாமி, உன்னையக் கொற சொல்லல." சுகந்தி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பேசாமப் படுத்திருந்தாலும் அது அவரு. இது வேண்டாம்."

மௌனிகா புழக்கடையில் கல்மேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கோட்டின் ஆட்டம் வெறும் ஆட்டமல்ல. எங்கோ யாரோ இந்த நிமிஷம் மோட்டாரைப் போடுகிறார்கள், யாரோ மிக்ஸியை நிறுத்துகிறார்கள், ஒரு குழந்தை விளையாட்டாக சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. முகம் தெரியாத இத்தனை பேரும் சேர்ந்து தள்ளினால்தான் அந்த ஊஞ்சல் இன்றைக்கு ஆடும். நேற்றைய தள்ளு இன்றைக்கு உதவாது. அவள் மூன்று வருஷமாகச் சீர்செய்யப் பார்த்த கோளாறு, ஊரும் நாடும் விழித்துக்கொண்டு நடமாடுகிற சத்தம். அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இன்னும் சில நாளில் அறிக்கை போய்விடும்.

நூர்ஜஹானுக்குப் போன் செய்தாள். "நான் நேர்கோட்டைக் கொடுக்க மாட்டேன் மேம். நூல் அளவு ஆட விட்டுத்தான் கொடுப்பேன். நிராகரிச்சா நிராகரிக்கட்டும். பட்டம் போனா போகட்டும்."

"என் கையெழுத்து இல்லாம நீ எதையும் கொடுக்க முடியாது, தெரியுமா?"

"தெரியும் மேம்."

"ஒரே ஒரு மணி நேரம் அனுமதி வாங்கறேன். சோதனைன்னு சொல்லி. நீ திறந்து காட்டு. நான் வந்து பாக்கறேன். உங்கப்பா தூக்கத்துல வெறுமனே உளறினார்னா நேர்கோடுதான். அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

அவர் வந்த மதியம் ஊர் வெயிலில் சுருண்டு கிடந்தது. மயில்சாமி தூங்கியபிறகுதான் கார் வந்து நின்றது. சுகந்தி ஓசைப்படாமல் மோர் கொண்டுவந்து கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். நூர்ஜஹான் உட்காரவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடி அறை வாசலில் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரீட்சை அறையில் மேற்பார்வை பார்க்கிற முகம்.

மௌனிகா தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் அந்த நூல் இடைவெளியைத் திறந்தாள். செத்துக்கிடந்த பச்சைக் கோடு சற்றே நெளிந்தது. பிறகு மெல்ல ஊரத் தொடங்கியது.

"ஏனுங்க" என்றாள் சுகந்தி. "இன்னைக்குக் கூட்டமா?"

பதிலில்லை. விசிறி சுற்றியது. தூரத்தில் தறிகள் சளசளத்தன. சுகந்தி மறுபடி கேட்டாள். மறுபடி கேட்டாள். நூர்ஜஹான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மௌனிகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இருக்கிற சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள்.

"...ரைட்."

சுகந்தி முறத்தைத் தவறவிட்டாள். அவரைக்காய் தரையெங்கும் சிதறியது.

"கூட்டமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் மயில்சாமி கண் மூடியபடியே. "வண்டி காலியாத்தான் போகுது. நீ எதுக்கு அழுவற?"

"நான் எங்கீங்க அழுவறேன்" என்று சுகந்தி அழுதாள்.

"அம்மிணி, நீங்க ஏன் நின்னுட்டே வர்றீங்க? எடமிருக்குது, உக்காருங்க."

"உக்காந்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"உன்னையச் சொல்லல. பின்படிகிட்ட ஒரு அம்மிணி கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாங்க பாரு, அவங்கள."

நிலைக்காலைப் பிடித்திருந்த நூர்ஜஹானின் கை இறுகியது. வெறும் பழக்க தோஷம், யார் என்ன என்று யோசிக்காமலே அவருடைய மற்றொரு கை கைப்பையின் ஜிப்பைத் திறக்கப் போனது.

"டிக்கெட் ஆச்சுங்க" என்றார் மயில்சாமி. "முன்னால உக்காந்திருக்கற அண்ணன் உங்களுக்கும் சேத்து எடுத்துட்டாரு."

ஜபருல்லாவைப் பற்றி மௌனிகா வீட்டில் மூச்சு விட்டதில்லை. மயில்சாமியின் பஸ்ஸில் எல்லா ஆண்களும் அண்ணன்தான், எல்லாப் பெண்களும் அம்மிணிதான் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் நினைத்துக்கொண்டு அவள் அசையாமல் இருந்தாள்.

நூர்ஜஹான் மெதுவாக உள்ளே வந்தார். அவரைக்காய்களுக்கு நடுவே, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார், பஸ்ஸில் வைத்துக்கொள்கிற மாதிரி. அவர் குரல் மௌனிகா இதுவரை கேட்காத குரலாக இருந்தது.

"அவரு... எங்கீங்க இறங்கறாரு?"

திரையில் கோடு ஒருமுறை தாழ்ந்தது. எங்கேயோ யாரோ ஒரு மோட்டாரைப் போட்டிருக்க வேண்டும். மயில்சாமியின் உதடுகள் அசைந்து நின்றன, பிறகு திறந்தன.

"இன்னும் தூரமிருக்குதுங்க. நீங்க எத்தன நேரந்தான் முழிச்சுட்டே வருவீங்க? தூங்குங்க. எடம் வந்தா நான் எழுப்பறேன்."

நூர்ஜஹான் தலையைக் கட்டில் சட்டத்தில் சாய்த்தார். கண்ணை மூடினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் வலது கை மடியிலிருந்த பையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. அவர் திடுக்கிடவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தது. சோதனையை நிறுத்தும்படி லேப்டாப்பில் சிவப்பு எழுத்து மினுக்கியது. மௌனிகா கோட்டை நேராக்கக் கையைக் கொண்டுபோனாள்.

"விடு மௌனி" என்றார் நூர்ஜஹான், கண்ணைத் திறக்காமலே. "ஆடட்டும்."